வாரம் ஒரு தீம், கேங்குக்கு ஒரு படம்: இந்த சினிமா சேலஞ்சை கம்மாபுரத்துல இருந்து ஆரம்பிச்சா எப்படி இருக்கும்?

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. சாப்பிட்டாச்சு. போனை எடுத்து ஓடிடி ஆப்பைத் திறக்கிறீங்க. ஒரு த்ரில்லர் போஸ்டர் கண்ணுல படுது, ட்ரெய்லர் பார்க்கிறீங்க, வேணாம். கொரியன் சீரிஸ் ஒண்ணு வருது. 16 எபிசோடா? வேணவே வேணாம். அப்படியே தள்ளித் தள்ளி ஒன்பதே முக்கால் ஆகுது. கடைசியில, ஏற்கெனவே ஆறு தடவை பார்த்த வடிவேலு காமெடியை யூடியூப்ல போட்டுட்டுத் தூங்கிப் போறீங்க.

இப்போ வாட்ஸ்அப்பைத் திறந்து உங்க காலேஜ் கேங் குரூப்பைப் பாருங்க. கடைசி மெசேஜ் என்ன? யாரோ ஒருத்தர் போட்ட பர்த்டே கேக் ஸ்டிக்கர். அதுக்கு மூணு பேர் ஹார்ட்டு விட்டிருப்பாங்க. அதுக்கும் முன்னாடி? இன்னொரு கேக்.

இந்த ரெண்டு பிரச்சினைக்கும் சேர்த்து ஒரு மருந்து மாதிரி சினிமா ரசிகர்கள் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கிறதுதான் 'வீக்லி தீம் மூவி சேலஞ்ச்'. கேட்க சின்னப் பசங்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா இதுக்குப் பின்னாடி முக்கால் நூற்றாண்டு கதை ஒண்ணு இருக்கு. அதுல மெட்ராஸுக்கும் பங்கு உண்டு.

சேலஞ்ச்னா என்ன?

ரொம்ப சிம்பிள். நாலஞ்சு நண்பர்கள். வாரத்துக்கு ஒரு தீம். அந்தத் தீமுக்குப் பொருந்துற ஒரு படத்தை, அடுத்த தீம் வர்றதுக்குள்ள பார்த்து முடிக்கணும். பார்த்ததைப் பத்தி நாலு வரி எழுதணும், இல்லைன்னா பேசணும். அவ்வளவுதான்.

'நல்ல படம் பார்ப்போம்'ங்கிறது தீம் ஆகாது. எல்லாரும் நல்ல படம்தானே பார்க்க நினைக்கிறோம்! 'ஒரே ராத்திரியில நடக்குற கதை', 'கதாநாயகி பேர்ல இருக்குற படம்', 'நீங்க பிறந்த வருஷம் வந்த படம்', 'மொழி தெரியாத ஒரு நாட்டுப் படம்'... இப்படிக் கொஞ்சம் குறுகலா இருக்கணும். குறுகலா இருந்தாதான் தேட வேண்டி வரும். தேடும்போதுதான் புது வாசல் திறக்கும்.

உலக அளவுல இது பரவினதுக்கு முக்கியக் காரணம் லெட்டர்பாக்ஸ்ட். பார்த்த படங்களுக்கு டைரி எழுதுற தளம். நியூசிலாந்துல 2011-ல் தொடங்கினது. அங்க ரசிகர்களே சேர்ந்து வாராவாரம் தீம் போட்டு, ஒரு சீசன் முழுக்க நடத்துற சேலஞ்சுகள் உண்டு. அக்டோபர் மாசம் முழுக்கப் பேய்ப் படம் பார்க்கிற கூட்டம் ஒண்ணு. ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு பெண் இயக்குநரோட படம், ஆக மொத்தம் 52 படம்னு உறுதிமொழி எடுக்கிற கூட்டம் இன்னொண்ணு. இது 2015 வாக்குல அமெரிக்காவுல ஆரம்பிச்சு வெளிய பரவினது.

அந்த 52-ஐத் தமிழ்ல மட்டும் நிரப்ப முடியுமான்னு ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 1930-கள்ல டி.பி.ராஜலட்சுமியோட 'மிஸ் கமலா', 1953-ல் பானுமதி இயக்கிய 'சண்டிராணி', சாவித்திரியோட 'குழந்தை உள்ளம்', சுஹாசினியோட 'இந்திரா', ப்ரியாவோட 'கண்ட நாள் முதல்', லட்சுமி ராமகிருஷ்ணனோட 'ஆரோகணம்', சுதா கொங்கராவோட 'இறுதிச்சுற்று', ஹலிதா ஷமீமோட 'சில்லுக் கருப்பட்டி', மதுமிதாவோட 'கே.டி. என்கிற கருப்புதுரை'... யோசிக்காம வந்தது இவ்வளவுதான். அதுக்கப்புறம் பேனா நின்னு நின்னுதான் நகர்ந்துச்சு. தீம் போட்டுப் பார்க்கிறதுல இருக்கிற விசேஷமே இதுதான். நம்ம லிஸ்ட்ல எங்க ஓட்டை இருக்குன்னு அது காட்டிக் கொடுத்துடும்.

ரூல் போட்டு எதுக்குப் படம் பார்க்கணும்?

நியாயமான கேள்வி. வாரம் முழுக்க ஆபீஸ்ல டெட்லைன், வீக்கெண்ட்ல படத்துக்கும் டெட்லைனா?

சாய்ஸ் அதிகமானா முடிவெடுக்கத் திணறுவோம்ங்கிறதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் ஜாம் பாட்டில் ஆய்வு. 2000-ல் வெளியானது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ரெண்டு பேரும் கலிஃபோர்னியா மளிகைக் கடை ஒண்ணுல 24 வகை ஜாமை ஒரு சமயமும், 6 வகையை இன்னொரு சமயமும் ருசி பார்க்க வெச்சாங்க. 24 வகை மேசைக்கு வந்தவங்கள்ல 3 சதவீதம் பேர்தான் வாங்கினாங்க. 6 வகை மேசையில 30 சதவீதம். ஓடிடி ஸ்கிரோலிங்குக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லைன்னு தோணும். ஆனா 2010-ல் இந்த மாதிரி 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டப்போ, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம்னு வந்துச்சு. அதனால 'சாய்ஸ் அதிகம்னாலே குழப்பம்'னு அடிச்சுச் சொல்லிட முடியாது.

என் கணிப்பு வேற. நாம திணறுறது லிஸ்ட் நீளமா இருக்கிறதால மட்டும் இல்ல. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அடுத்த நாள் அதைப் பத்திக் கேட்க ஆள் இல்லைங்கிறதாலதான். 2014-ல் யேல் பல்கலைக்கழகத்துல ஒரு சின்ன சோதனை நடந்துச்சு. ரெண்டு பேர் ஒண்ணா, ஒரே நேரத்துல, ஒரே சாக்லேட்டைச் சாப்பிட்டாங்க. பேசிக்கவே இல்ல. அப்படியிருந்தும், தனியா சாப்பிட்டதைவிட அது ருசியா இருந்ததாச் சொன்னாங்க. இன்னொரு சுற்றுல ரொம்பக் கசப்பான சாக்லேட் கொடுத்தா, சேர்ந்து சாப்பிடும்போது அது இன்னும் கசந்துச்சாம்! மொக்கைப் படத்தைக் கேங்கோட பார்த்த எல்லாருக்கும் இது புரியும். தனியா பார்த்தா பத்து நிமிஷத்துல மூடிட்டுப் போயிருப்போம். சேர்ந்து பார்த்தா அந்தப் படத்தைப் பத்து வருஷம் கழிச்சும் திட்டிக்கிட்டு இருப்போம்.

இது புதுசா?

இல்லவே இல்ல. செல்போன் மட்டும்தான் புதுசு.

1947 அக்டோபர். சுதந்திரம் வந்து ரெண்டு மாசம்கூட முழுசா ஆகல. கல்கத்தாவுல சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பிச்சாங்க. அப்போ ராய் விளம்பர கம்பெனி ஒண்ணுல ஓவியர். 'பதேர் பாஞ்சாலி' வர இன்னும் எட்டு வருஷம் இருந்துச்சு. அவங்க முதல்ல போட்ட படம், ஐசன்ஸ்டைனோட 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்'. வேலை முடிஞ்சு வந்து, ஒரு படம் பார்த்து, மணிக்கணக்கா சண்டை போட்டுக்கிட்ட நண்பர் கூட்டம்தான் அது.

1952-ல் இந்தியாவோட முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துச்சு. பம்பாய்ல ஆரம்பிச்சு மெட்ராஸ், டெல்லி, கல்கத்தான்னு ஊர் ஊரா வந்துச்சு. 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'ரஷோமோன்' எல்லாம் நம்ம ஊர்க்காரங்க பார்க்கக் கிடைச்சது அப்படித்தான். 1959-ல் அங்கங்க இருந்த சங்கங்கள் ஒண்ணு சேர்ந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கினப்போ, கல்கத்தா, பம்பாய், டெல்லி, பாட்னா, ரூர்க்கியோட மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டியும் அதுல இருந்துச்சு. தலைவர் சத்யஜித் ராய். துணைத் தலைவர் அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில மெட்ராஸ் சார்புல உட்கார்ந்தவங்க, கேப்டன் லட்சுமியோட அம்மா. சினிமா பார்க்கிறது வெட்டி வேலைன்னு வீட்டுல யாராவது சொன்னா, இந்தப் பேரைச் சொல்லலாம்.

கேரளாவுல இது இன்னும் தூரம் போச்சு. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்துல சித்ரலேகா சங்கத்தை ஆரம்பிச்சாங்க. 1984-ல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கோழிக்கோட்டுல 'ஒடேஸா' கூட்டத்தைக் கட்டினாங்க. தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். ஊர் ஊராப் போய்ப் படம் போட்டு, ஜனங்ககிட்ட உண்டியல் வசூல் பண்ணி, அந்தக் காசுல 1986-ல் 'அம்மா அறியான்' எடுத்தாங்க. தமிழ்நாட்டுல கோவையில 'கோணங்கள்' ஞாயிற்றுக்கிழமைப் படக் காட்சிகள் நடத்துச்சு. சென்னையில 2003-லிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்குது. 'தமிழ் ஸ்டுடியோ' மாதிரி இயக்கங்கள் திரையிடல், பத்திரிகை, புத்தகக் கடைன்னு நடத்தியிருக்கு.

ஆனா இதெல்லாம் பெரும்பாலும் நகரத்துக் கதை. புரொஜெக்டர் வேணும், பிரிண்ட் வேணும், ஹால் வேணும். கம்மாபுரம் மாதிரி ஊருக்கு அது எட்டினதில்ல. இப்போ புரொஜெக்டர் எல்லார் சட்டைப் பையிலயும் இருக்கு.

கம்மாபுரம் கேங்

ஒரு கணக்குக்கு கம்மாபுரத்தையே எடுத்துக்குவோம். கடலூர் மாவட்டம், விருத்தாசலத்துக்குப் பக்கம், நெய்வேலிச் சுரங்கத்துக்கும் பக்கம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். இங்க ஒண்ணாப் படிச்ச அஞ்சு பேர்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில வேலை, சூளை பத்த வெச்சா நேரங்காலம் கிடையாது. ஒருத்தர் என்எல்சி-யில கான்ட்ராக்ட், ஷிஃப்ட். ஒருத்தர் சென்னை ஓஎம்ஆர். ஒருத்தங்க பெங்களூரு. இன்னொருத்தங்க வீட்டுல இருந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறாங்க. கற்பனைதான். ஆனா உங்க குரூப்லயும் ஊர்ப் பேரை மாத்தினா இதே அஞ்சு பேர் இருப்பாங்க.

இவங்களுக்கு என்ன தீம் போடலாம்? ஹாலிவுட் லிஸ்ட்டைக் காப்பி அடிக்க வேண்டியதில்ல. ஊரைச் சுத்திப் பார்த்தாலே தீம் கொட்டிக் கிடக்கு.

முதல்ல ரயில். விருத்தாசலம் ஜங்ஷன் விழுப்புரம் - திருச்சி கார்டு லைன்ல இருக்கு. சேலம் பக்கமும் கடலூர் பக்கமும் பாதை பிரியுது. சென்னையில இருக்கிறவர் ஊருக்கு வர்றதே அந்த வழியாத்தான். 'கிழக்கே போகும் ரயில்' போடுங்க. 1978, பாரதிராஜாவோட ரெண்டாவது படம், ராதிகாவோட முதல் படம். காதலன் ஊரை விட்டுப் போனப்புறம் ரயிலோட கடைசிப் பெட்டியில எழுதிச் சேதி அனுப்புற கதை. ப்ளூ டிக் வருதான்னு பார்த்துக்கிட்டு இருக்கிற தலைமுறைக்கு இது நல்லாவே புரியும். அதுக்கப்புறம் 'தளபதி'யோட ஆரம்பக் காட்சியை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, கூட்ஸ் ரயில்ல குழந்தையை விட்டுட்டுப் போற அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சி.

அடுத்து 'நம்ம ஊர்ல ஷூட்டிங்'. 2020 பிப்ரவரியில நெய்வேலிச் சுரங்கத்துல 'மாஸ்டர்' ஷூட்டிங் நடந்தப்போ, வருமான வரித்துறை அதிகாரிகள் வந்து விஜய்யை விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தவர் வேன் மேல ஏறி ரசிகர்களோட எடுத்த செல்ஃபியை இந்தப் பக்கம் தெரியாதவங்க இல்ல. அந்தக் கூட்டத்துல உங்க கேங்ல ஒருத்தராவது நின்னிருப்பார். படத்தைப் பத்தின விமர்சனத்தைவிட அந்தக் கதைதான் அன்னைக்கு ஓடும். ஓடட்டும்.

'விருத்தாசலம்' அப்படின்னே ஒரு வாரம் வைக்கலாம். ஊர் இல்ல, ஆள். புதுமைப்பித்தனோட இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ல் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல. அவரோட 'சிற்றன்னை' கதையோட பாதிப்புலதான் மகேந்திரன் 1979-ல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். சினிமாவுக்கும் புதுமைப்பித்தனுக்கும் இன்னொரு சோகமான தொடர்பும் இருக்கு. தியாகராஜ பாகவதரோட 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே போனார், காசநோயோட திரும்பினார், 1948-ல் இறந்துட்டார். வயசு 42 தான். குரூப் 4-க்குப் படிக்கிறவங்களுக்கு இந்த வாரம் சிலபஸ்லயே வருது, தனியா நேரம் ஒதுக்க வேண்டாம்!

கடலூர்ன்னா ஜெயகாந்தனை விட முடியாது. மஞ்சக்குப்பத்துக்காரர். எழுத்தாளரே இயக்குநரா ஆகி 1965-ல் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' படத்துல பாட்டே கிடையாது. அது கிடைச்சா பாருங்க. இல்லைன்னா 1977-ல் பீம்சிங் இயக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. லட்சுமிக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம்.

அந்தப் 'பாட்டே கிடையாது'ங்கிறதையே தனித் தீமாப் போட்டா செம. 1954-ல் எஸ்.பாலசந்தரோட 'அந்த நாள்', 1988-ல் பாலு மகேந்திராவோட 'வீடு', 1995-ல் 'குருதிப்புனல்', 2011-ல் 'ஆரண்ய காண்டம்', 2019-ல் 'கைதி'. தமிழ்ப் படம்னா பாட்டு இருந்தே ஆகணும்னு யார் சொன்னா? அஞ்சு பேருக்கு அஞ்சு படம். 'வீடு' யாருக்கு விழுதோ அவங்க அதிர்ஷ்டக்காரங்க. ஹோம் லோன் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கிற ஓஎம்ஆர் நண்பருக்கே அதை ஒதுக்கிடுங்க.

'நிலம்' ஒரு வாரம். 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'கடைசி விவசாயி' ரெண்டுல ஒண்ணு. மற்ற ஊர்ல இது அழகான கிராமத்துப் படம். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்குற பகுதியில அப்படிப் பார்க்க முடியாது. 2023 ஜூலையில வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல் வயல்ல பொக்லைன் இறங்கினதை எல்லாரும் போன்ல பார்த்தோம். நம்ம கேங்லயே ஒருத்தர் என்எல்சி சம்பளத்துல குடும்பம் நடத்துறார், இன்னொருத்தர் வீட்டு நிலம் அளவெடுப்புல இருக்கலாம். படம் முடிஞ்சதும் பேச்சு எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது.

பேச முடியாத படம்

இப்போ கஷ்டமான இடத்துக்கு வருவோம். கம்மாபுரம் கேங் ஊர்ப் படங்கள்னு தீம் போட்டா, முதல்ல நிக்க வேண்டிய படம் 'ஜெய் பீம்'.

2021 நவம்பர் 2-ம் தேதி அமேசான் ப்ரைம்ல நேரடியா வந்த படம். த.செ.ஞானவேல் இயக்கம், சூர்யா, லிஜோமோல் ஜோஸ், மணிகண்டன். உலகமே பேசின படம். ஆனா அது எந்த ஊர்க் கதைன்னு சென்னையில கேட்டா 'எங்கயோ விழுப்புரம் பக்கம்'னு சொல்வாங்க. நிஜத்துல நடந்தது 1993-ல். முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு. அவர் திரும்பி வரல. அவரோட மனைவி, உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களோட துணையில உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஆட்கொணர்வு மனு போட்டாங்க. வாதாடினவர் கே.சந்துரு, பின்னாடி அதே நீதிமன்றத்துல நீதிபதியானவர். காவல்ல நடந்த சித்ரவதையிலதான் அவர் இறந்தார்னு கடைசியில வெளிய வந்துச்சு, போலீஸ்காரங்க தண்டிக்கப்பட்டாங்க. பல வருஷம் எடுத்துச்சு.

நீங்க தினமும் பைக்ல தாண்டிப் போற ஸ்டேஷன் அது. ஸ்கூல் படிக்கும்போது அந்த வழியாத்தான் போயிருப்பீங்க. 2021-ல் படம் வர்ற வரைக்கும் இந்தக் கதை எத்தனை பேர் வீட்டுல பேசப்பட்டிருக்கும்?

படத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருக்கு. படத்துல இருளர் சமூகம். நிஜத்துல அந்தக் குடும்பம் குறவர் சமூகம்னும், அந்த அடையாளத்தை மாத்தினது சரியில்லைன்னும் படம் வந்தப்பவே விமர்சனம் எழுந்துச்சு. அந்த அம்மாவோட பேருக்கு சூர்யா 10 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை போடுறதா அறிவிச்சது அதே மாசம். இன்னொரு பக்கம், கொடூரமான போலீஸ் அதிகாரி பாத்திரத்தோட வீட்டுச் சுவர்ல தொங்கின காலண்டர்ல இருந்த சின்னம் தங்களைக் குறிக்குதுன்னு வன்னியர் அமைப்புகள் கடுமையா எதிர்த்தாங்க. அந்தக் காட்சி மாத்தப்பட்டுச்சு, இயக்குநர் வருத்தம் தெரிவிச்சார். இந்த மாவட்டத்துல அந்த நவம்பர் மாசம் சாதாரண மாசமா இருக்கல.

இப்போ நம்ம அஞ்சு பேரை நினைச்சுப் பாருங்க. ஒண்ணாப் படிச்சவங்கதான். 'மச்சான்', 'மச்சி'ன்னு பேசிக்கிறவங்கதான். ஆனா அஞ்சு பேரும் அஞ்சு தெருவுல இருந்து வந்தவங்க. பள்ளிக்கூடத்துல யாரும் கேட்டுக்கல, குரூப்ல யாரும் பேசிக்கல. இந்தப் படத்தைத் தீமா வெச்சா, முதல் தடவையா அது நடுவுல வந்து உட்காரும். பெரும்பாலான கேங் என்ன பண்ணும்? 'வேணாம்டா, பிரச்சினை வரும், லோகேஷ் வாரம் போடலாம்'னு நகர்ந்துடும். அதுல தப்பு சொல்ல மாட்டேன். நட்புங்கிறது சில விஷயத்தைப் பேசாம இருக்கிறதாலயும் ஓடுது.

ஆனா பேசணும்னு முடிவு பண்ணினா, சில விஷயம் உதவும்னு நினைக்கிறேன். முதல் மாசத்துல வைக்காதீங்க. ஏழெட்டு வாரம் மற்ற படத்துக்குச் சண்டை போட்டுப் பழகின பிறகு வைங்க. எல்லாரும் தனித்தனியாப் பார்க்காம ஒண்ணா உட்கார்ந்து பாருங்க. இந்தப் பேச்சு வாட்ஸ்அப்ல நடக்கவே கூடாது. டெக்ஸ்ட்ல குரல் கேட்காது, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் நிக்கும். படம் முடிஞ்சதும் 'யார் பக்கம் நியாயம்'னு ஆரம்பிக்க வேணாம். 'இந்தக் கதை உங்க வீட்டுல முன்னாடியே தெரியுமா?'ன்னு ஒரே ஒரு கேள்வி, ஆளாளுக்குப் பதில். ஒருத்தர் வீட்டுல அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், சொல்லியிருக்க மாட்டார். இன்னொருத்தர் வீட்டுல ராத்திரி ஜீப் சத்தம் கேட்டா எல்லாரும் எந்திரிச்சு உட்காருவாங்க. இது ரெண்டும் ஒரே ஊர்.

தயங்கினா, ஒரு வாரம் முன்னாடி 'விசாரணை' போட்டுக்கலாம். 2016-ல் வந்த வெற்றிமாறன் படம், மு.சந்திரகுமாரோட 'லாக்கப்' நாவல்ல இருந்து எடுத்தது. கதையோட முதல் பாதி ஆந்திராவுல நடக்குது. வேற ஊர் லாக்கப்பைப் பார்த்துட்டு நம்ம ஊருக்கு வர்றது கொஞ்சம் சுலபம்.

ரூல்ஸ்ல எங்க சொதப்பும்?

சேலஞ்ச் நின்னுபோறது பெரும்பாலும் மூணாவது, நாலாவது வாரத்துல. காரணம் படம் இல்ல, ரூல்ஸ்.

தீம் போடுற உரிமை சுத்தி வரணும். சினிமா அறிவாளி ஒருத்தர் எல்லாக் கேங்லயும் இருப்பார், அவரே எல்லா வாரமும் தீம் போட்டா அது டியூஷன் ஆயிடும். ஓட்டெடுப்பு வைக்காதீங்க. ஓட்டு வெச்சா எப்பவும் எல்லாருக்கும் பிடிச்ச, யாரும் புதுசாப் பார்க்காத படம்தான் ஜெயிக்கும். போட்டவர் போட்டதுதான், மற்றவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் 'பாஸ்' சொல்ல உரிமை. சூளை ஷிஃப்ட்ல மாட்டினவருக்குக் கூடுதலா ஒண்ணு கொடுக்கலாம். பார்க்காதவங்களுக்கு அபராதம் வேணாம், ஊருக்கு வரும்போது டீ வாங்கிக் கொடுத்தாப் போதும்.

படத்தோட நீளத்துக்கும் ஒரு வரம்பு வைங்க. ஷிஃப்ட் ஆளுக்கு மூணேகால் மணி நேரப் படம் போட்டா அவர் ரீல்ஸ்லயே பார்த்துட்டு வந்து 'பார்த்துட்டேன்'னு சொல்லுவார். 'கூழாங்கல்' முழுப்படமே ஒண்ணேகால் மணி நேரம்தான். பி.எஸ்.வினோத்ராஜோட முதல் படம், 2021-ல் ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கினது. பஸ்ல சேலம் போறதுக்குள்ள முடிஞ்சிடும்.

தூரத்துல இருக்கிறவங்களோட ஒண்ணாப் பார்க்கத் தனி ஆப் எதுவும் தேவையில்ல. குரூப் கால் போட்டு, மூணு, ரெண்டு, ஒண்ணு சொல்லி எல்லாரும் ஒரே நேரத்துல பிளே அமுக்கி, மைக்கை மியூட் பண்ணிடுங்க. இடைவேளையில அன்மியூட். பெங்களூரு நெட் ரெண்டு செகண்ட் முன்னாடி போகும், சிரிப்புச் சத்தம் முன்னாடியே வந்துடும். அதுவும் ஒரு தமாஷ்தான்.

டேட்டாவைப் பொறுத்தவரை, நெட்ஃப்ளிக்ஸ் சொல்ற கணக்கு: சாதாரணத் தரத்துல மணிக்கு 1 ஜிபி வரை, ஹெச்டி-ன்னா 3 ஜிபி வரை. தினம் 1.5 ஜிபி பிளான்ல ஹெச்டி படம் இடைவேளை வரைக்கும்கூடத் தாங்காது. ஆபீஸ் வைஃபைல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லைன்னு வெச்சுக்கங்க.

காசு? அஞ்சு பேரும் அஞ்சு ஓடிடி கட்ட வேணாம். ஆனா ஒரே பாஸ்வேர்டை அஞ்சு வீட்டுல ஓட்டுற காலமும் போச்சு. நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலையில இந்தியாவுலயும் அதுக்குக் கதவைச் சாத்திடுச்சு. ஒரு மாசத்துக்கு ஒரு ஓடிடி மட்டும் கட்டி, அந்த மாசத் தீம் எல்லாத்தையும் அதுல இருந்தே எடுக்கிறது நடைமுறையில ஒத்து வரும். பழைய தமிழ்ப் படங்கள் நிறைய, உரிமை வெச்சிருக்கிற நிறுவனங்களே யூடியூப்ல இலவசமாப் போட்டு வெச்சிருக்காங்க. பிரசார் பாரதி 2024 நவம்பர்ல ஆரம்பிச்ச 'வேவ்ஸ்' ஆப்பையும் ஒரு தடவை தேடிப் பாருங்க. டெலிகிராம் லிங்க் அனுப்புற நண்பர் எல்லாக் குரூப்லயும் உண்டு. அந்த லிங்க்குல வர்ற பாதி படம் தியேட்டர்ல யாரோ தும்முற சத்தத்தோடதான் இருக்கும், அது சட்டப்படி குத்தமும்கூட.

வீட்டுல நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற வரை சிக்கல் இல்ல. இது நல்லாப் போகுதேன்னு ஊர்ச் சமுதாயக் கூடத்துல ஸ்க்ரீன் கட்டி ஊருக்கே போட நினைச்சா, அது பொதுத் திரையிடல். டிக்கெட் போடலைன்னாலும் படத்தோட உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கணும். உங்க ஓடிடி சந்தா அதுக்குச் செல்லாது. கேட்டுப் பார்த்தா, சின்னப் படம் எடுத்த இயக்குநர்கள் சிலர் சந்தோஷமா ஒத்துக்குவாங்க.

ஒரு வாரம் பார்க்காமலும் இருங்க. தீம்: 'இனிமே பார்க்கவே முடியாத படம்'. 1910-களோட கடைசியில மெட்ராஸ்ல நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவோட முதல் மௌனப் படம். பிரதி இல்ல. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில ஆரம்பிச்சதே 1964-ல்தான், அதுக்குள்ள எத்தனையோ போயிடுச்சு. அந்த வாரம் ஆளுக்கொரு தொலைஞ்ச படத்தைப் பத்திப் படிச்சுட்டு வந்து கதை சொல்லணும். வீட்டுல தாத்தா, பாட்டி இருந்தா அவங்க டூரிங் டாக்கீஸ்ல பார்த்து, இப்போ பேர் மறந்துபோன படம் எதுன்னு கேளுங்க. கண்டுபிடிக்கிற வேலையைக் குரூப்ல போடுங்க.

சரி, முதல் வாரத் தீமை யார் போடுறது? குரூப்ல கடைசியா கேக் ஸ்டிக்கர் போட்டவர்தான். இப்பவே டேக் பண்ணுங்க.